இன்னும் பாட்டே ஆரம்பிக்கல

பாட்டுக் கேட்கிறவர்கள் உண்டு, பாட்டுப் பாடுகிறவர்கள் உண்டு, பாட்டு என்றாலே பக்கத்து வீட்டுத் தொல்லை என்று கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு. இந்த மூன்றிலும் சேராத ஓர் இனம் பினாங்கில் சத்தமில்லாமல் பெருகி வருகிறது. மிதப்பர்கள் என்று அவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். கித்தாரில் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, அதை இழுத்து, அதற்கு எதிரொலி வைத்து, அந்த எதிரொலிக்கும் ஓர் எதிரொலி வைத்து, பின்னால் ஓர் ஆர்கன் அரைத்தூக்கத்தில் முனக, ஒரு பாட்டு முடிவதற்குள் நாம் சோறு வடித்து இறக்கிவிடலாம் என்ற வேகத்தில் நகருமே பழைய சைக்கடெலிக் ராக் ஆல்பங்கள், அவற்றின் மேல் மிதந்துகொண்டிருப்பவர்கள். தரைக்கு வரவே மாட்டார்கள்.

ஆளைப் பார்த்தால் தெரியாது. நம் சுகுமாரனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பகலெல்லாம் "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஆட்களை விரட்டுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். வேலை முடிந்து தீவுக்குத் திரும்பும்போது கடல் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தால் ஊரே ஹாரனை அழுத்தும், இவன் மட்டும் ஞானியைப் போலச் சிரித்துக்கொண்டிருப்பான். நெரிசல் நீண்டால் ஆல்பத்தை முழுசாகக் கேட்கலாம் அல்லவா? ஜெலுத்தோங்கில் அவன் குடியிருக்கும் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்த பிறகும் காரைவிட்டு இறங்க மாட்டான். மயங்கிக் கிடக்கிறானோ என்று காவலாளி ஒருமுறை கண்ணாடியைத் தட்டியிருக்கிறார்.

நீங்கள் தப்பித் தவறி "நல்லா இருக்கே" என்று சொன்னீர்களோ, தொலைந்தீர்கள்.

"அண்ணே, இன்னும் பாட்டே ஆரம்பிக்கல லா. இது சும்மா முன்னுரை."

முன்னுரை நடக்கும். முன்னால் வைத்த தே தாரே டீ ஆறிப்போய் ஆடை படியும். "எப்பதான் தம்பி பாடுவாங்க?" என்று கேட்டால், "வார்த்தையைத் தேடாதீங்கண்ணே, நடுவுல இருக்கிற வெளியைக் கேளுங்க" என்பான். வெளியை எப்படி ஐயா கேட்பது? எனக்கு இருப்பது இரண்டு சாதாரணக் காதுகள். ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை மட்டும் பிய்த்துப் போனில் கேட்கிறவர்களை, நாசி கண்டார் சோற்றுக்குக் குழம்பே வேண்டாம் என்கிறவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பான்.

அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. வெளியே மழை, உள்ளே அந்த கித்தார், யாரும் நம்மை எதற்கும் விரட்டவில்லை என்ற உணர்வு. வாரம் முழுக்க இயந்திரத்தோடு ஓடியவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எனக்கே ஒருமுறை கண் கலங்கியது.

சரி, அதிராவின் கதைக்கு வருகிறேன். அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளர். என் மனைவி சந்திரிகா பார்த்துச் சொன்ன பெண். சுகுமாரனுக்கு நாற்பது நெருங்குகிறது, அவளை அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. வெளியே சில முறை சந்தித்துப் பேசியாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டைப் பார்த்துவிட்டு முடிவைச் சொல்கிறேன் என்று ஃபெரி ஏறி வந்தாள். துணைக்கு நாங்கள் இருவர்.

வேறொருவனாக இருந்தால் வீட்டைச் சுற்றிக் காட்டியிருப்பான். இவன் எங்களை வரிசையாக உட்கார வைத்துவிட்டு, சூலியா தெரு மாடிக்கடை ஒன்றில் வாங்கிய இசைத்தட்டைப் போட்டான். ஏதோ ஓர் ஐரோப்பியக் குழு. என்ன மொழி என்று அவனுக்கும் தெரியாது. தன் ஆல்பங்களிலேயே இதுதான் ஆக மெதுவானது என்று ஒரு வருடமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தான்.

"அதிரா, இந்த ஆளோட குரலைக் கேளுங்க. கிணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரி இருக்குல்ல? பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் பாடுறான்."

அதிரா பொறுமையாகக் கேட்டாள். ஒரு பக்கம் முடிந்து, தட்டைத் திருப்பிப் போட அவன் எடுத்தபோது, அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மருந்துக் கடைப் பழக்கம். லேபிளைப் படிக்காமல் எதையும் திருப்பிக் கொடுக்க மாட்டாள்.

"இதுல நாப்பத்தஞ்சு ஸ்பீடுன்னு போட்டிருக்கே? நீங்க முப்பத்து மூணுலல்ல வச்சிருக்கீங்க?"

தட்டைத் திருப்பிப் போட்டு, விசையை மாற்றி அவளே ஊசியை வைத்தாள். டமடமவென்று மேளம். கிணற்றுக்குள்ளிருந்த மனிதர் சிரித்துக்கொண்டே பாடும் ஓர் இளம்பெண்ணாக வெளியே வந்தார். சந்திரிகாவின் கால் தானாகத் தாளம் போட்டது.

சுகுமாரன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் மிதப்பர்கள் லேசில் மூழ்க மாட்டார்கள்.

"அவங்கதான் தப்பா போட்டிருக்காங்க லா. இது ஸ்லோவாதான் இருக்கணும்."

அதிரா வாய்விட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பு, குத்தல் இல்லாதது. "சரி, உங்க ஸ்பீடுலயே போடுங்க. இந்தப் பக்கத்தையும் கேட்டுருவோம்" என்றாள். இப்படி ஒரு பெண் எங்கே கிடைப்பாள், சொல்லுங்கள்?

மழை பிடித்துக்கொண்டது. கித்தார் இழுத்தது. அதிரா கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், அவளும் கொஞ்சம் மிதக்கிறாள் என்றே எனக்குத் தோன்றியது. ஆல்பத்தின் கடைசி, இசை தேய்ந்து தேய்ந்து அடங்கும் இடம். அவள் கண்ணைத் திறந்து, அவன் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்:

"சுகுமாரன், எனக்குச் சம்மதம். வீட்டுல வந்து பேசச் சொல்லுங்க."

மூடிய கண்ணைத் திறக்காமலே அவன் விரலை உயர்த்தினான்.

"ஷ்ஷ்... இந்த இடம். இந்த இடத்தை மட்டும் கேளுங்க."

அதிரா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டாள். "அக்கா, ஃபெரிக்கு நேரமாச்சு." சந்திரிகா என்னை முறைத்துவிட்டு அவளோடு லிஃப்டுக்குப் போனாள். நானாவது அவனை உலுக்கியிருக்கலாம்தான்.

ஊசி தூக்கிக்கொண்டதும் கண்ணைத் திறந்தான். "எப்படி?" என்றான் காலி நாற்காலியைப் பார்த்து. "எங்கண்ணே அவங்க? ஏதோ சொன்னாங்கல்ல?"

என்ன சொன்னாள் என்று நான் சொன்னேன். செருப்புக்கூடப் போடாமல் படிகளில் ஓடினான். கார் எடுத்து அவன் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஃபெரி பாதிக் கடலில் இருந்தது. போன் போட்டான். எடுத்தாள், மரியாதையாகவே பேசினாள். "நான் ஒரு தடவை சொல்லிட்டேன் சுகுமாரன். அதையெல்லாம் ரெண்டாவது தடவை சொல்ல வராது" என்றாளாம். அதோடு சரி. எனக்கு அவன்மேல் எரிச்சலாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சைக்கடெலிக்காவது ராக்காவது, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்கள். சரிதான். இதைப் படிக்கத் தொடங்கிய பிறகு, அடுக்களையிலிருந்தோ வாசலிலிருந்தோ யாரோ உங்களிடம் ஏதோ சொன்னார்களே, "இரு, இதோ முடியப்போகுது" என்று தலைநிமிராமல் பதில் சொன்னீர்களே, அவர்கள் என்ன சொன்னார்கள்?