கேபிள் எடை பார்ப்பவர்

டிவி வாங்குகிறவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவர்கள் பாவம். கடைக்குப் போனோம், பெரிதாக ஒன்றைத் தூக்கி வந்தோம், சுவரில் மாட்டினோம் என்று இருப்பவர்கள். நான் சொல்ல வந்தது, அந்த டிவி சுவரில் ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் யாரும் அழைக்காமலே உள்ளே வந்து, திரையை ஏறெடுத்தும் பார்க்காமல், நேராக அதன் பின்பக்கம் போய்த் தலையை நுழைக்கிற மனிதரைப் பற்றி. படம் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்க மாட்டார். "எந்தக் கேபிள் போட்டிருக்கீங்க?" என்பார். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அவர் முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் களை வந்துவிடும்.

ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். எங்கள் லாகோஸில், சுருலேரேயில், என் தெருவில் இருப்பவர் பெயர் போலஹான் அடிசா. தெருவே அவரை எஞ்சினியர் என்கிறது. அவர் எஞ்சினியர் இல்லை. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்குக்குப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பிறகு எஞ்சினியர் பட்டம் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கிளறுவதில்லை. கிளறினால் அடுத்து எங்கள் பட்டங்களைக் கிளறுவார்கள். என்னை இங்கே ப்ரொஃபெசர் என்று கூப்பிடுகிறார்கள்; நான் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

எஞ்சினியர் கேபிளைப் பரிசோதிக்கும் காட்சியை நீங்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். முதலில், பெட்டியிலிருந்து டிவிக்குப் படம் கொண்டுவரும் அந்த ஒயரைப் பிடுங்கி இடது உள்ளங்கையில் சுருட்டி வைத்து, கண்ணை மூடி, தங்கம் நிறுக்கிறவர் மாதிரி மேலும் கீழும் ஆட்டி, பிறகு காதருகே கொண்டுபோய் வளைத்து ஏதாவது முனகுகிறதா என்று கேட்டு, ரப்பரை முகர்ந்து, முனையில் இருக்கும் மஞ்சள் பூச்சை நகத்தால் சுரண்டி, கடைசியில் அதன் தலையைப் பிடித்து ஒரு வெடுக்கு இழுப்பு இழுத்து, வந்துவிடவில்லையே என்கிற ஏமாற்றத்தோடு தீர்ப்பு வழங்குவார். தீர்ப்பு ஒரே சொல். "பொம்மை."

நம் வீட்டுக் கேபிள் எப்போதும் பொம்மைதான். படம் நன்றாகத்தானே தெரிகிறது என்று நாம் முனகினால், "அது இப்ப தெரியாது" என்பார். எப்போது தெரியும்? "தெரியற அன்னைக்குத் தெரியும்." கனமில்லாத கேபிளில் படம் வழுக்கிவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. கேபிள்தான் டிவி, மற்றதெல்லாம் வெறும் கண்ணாடி என்பதும் அவருடையதே. இவற்றை அவர் சொல்லும் தோரணையில் நமக்கே நம் கண்மேல் சந்தேகம் வந்துவிடும்.

சரி, நல்ல கேபிள் எது? அதற்கும் எஞ்சினியரிடம் ஒரே சொல்தான். டொகுன்போ.

வெளிநாட்டில் பிறந்து ஊர் திரும்பிய பிள்ளைக்கு நாங்கள் வைக்கும் பெயர் அது. பிள்ளைக்கு வைத்த பெயர் அப்படியே காருக்குப் போயிற்று, பிறகு ஃப்ரிட்ஜுக்கு, மெத்தைக்கு, ஷூவுக்கு. லண்டனில் எவனோ பத்து வருஷம் உழைத்துத் தேய்த்த சாமான் கப்பலேறி இங்கே வந்தால் அது பழசு ஆகாது, டொகுன்போ ஆகும். கடையில் இருக்கும் புதுசை விட மதிப்பும் கூடும். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. நானே டொகுன்போ காரில்தான் பள்ளிக்குப் போகிறேன், அது என்னைக் கைவிட்டதில்லை. ஆனால் கேபிளுக்கு? பத்து வருஷத்துக்கு முன் வீடுகளில் ஓடிய படத்தைப் போல நாலு மடங்கு நுணுக்கமான படம் இன்று ஓடுகிறது. அன்றைய படத்துக்குச் செய்த கேபிள் இன்றைய படத்தைத் தாங்குமா? இப்படிக் கேட்டால் எஞ்சினியர் நம் தோளில் கையை வைத்து, "புதுசை யார் சோதிச்சா? இதை வெள்ளைக்காரனே சோதிச்சு முடிச்சிட்டான்" என்பார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது, அபோசெதே வீட்டுக்குப் பெரிய டிவி வரும் வரைக்கும்.

அபோசெதே எங்கள் தெருமுனையில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் மொரெனிக்கே மான்செஸ்டரில் நர்ஸாக இருக்கிறாள். அவளுக்கு அங்கேயே கல்யாணம் நிச்சயமாயிற்று. அம்மாவுக்கு விசா இரண்டு தடவை கிடைக்கவில்லை. எங்களில் பெண் மண்டியிட்டு, பெற்றவர் தலைக்கு மேல் கை நீட்டி வாயார ஆசீர்வாதம் சொல்லாமல் கல்யாணம் முடிந்ததாகக் கணக்கில்லை. மோதிரம், கேக் எல்லாம் அதற்கு அப்புறம். அப்பா இல்லை, சொல்ல வேண்டியவர் இந்த அம்மாள் ஒருவர்தான். எனவே மகள் ஒரு ஏற்பாடு செய்தாள். சுருலேரேக்கு ஒரு பெரிய டிவி, அதன் கீழே வைக்க, இன்டர்நெட் வழியாகப் படத்தை அனுப்பவும் வாங்கவும் ஒரு சின்னப் பெட்டி, மேலே உட்கார ஒரு கேமரா. சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் அங்கே மண்டபத்துத் திரைக்கு முன்னால் மண்டியிடுவார்கள். அம்மா இங்கே கை நீட்டிச் சொல்லுவார். இரண்டு பக்கமும் பார்க்கலாம், கேட்கலாம். அபோசெதே ஒரு மாதமாக ரொட்டி மாவு பிசையும்போதெல்லாம் அந்த ஆசீர்வாதத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியோடு ஒரு கேபிள் வந்திருந்தது. எஞ்சினியர் வந்தார், பிடுங்கினார், ஆட்டினார். பொம்மை என்றார். யாரும் தவறிப்போய்ப் போட்டுவிடக் கூடாதே என்று அதைத் தன் சட்டைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டும் போனார்.

அபோசெதே பயந்துபோய்ச் சந்தைக்குப் போனார். எஞ்சினியரும் கூடவே போனார், என்னையும் இழுத்துக்கொண்டு. அங்கே கேபிள் கடை வைத்திருக்கும் சினேலோ என்கிற பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், பெட்டிக்கும் டிவிக்கும் எவ்வளவு தூரம் என்று. ஒரு கை நீளம் என்றார் அபோசெதே.

"அப்ப இந்தக் குட்டைக் கேபிள் போதும் ஆண்ட்டி. மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க, அதப் போன்ல காட்டுனா அசலா போலியான்னு அதுவே சொல்லிடும். தேவையில்லாம நீளமா எடுக்காதீங்க, இந்த மாதிரி நுணுக்கமான படம் பாதி வழியில தடுமாறும்."

எஞ்சினியர் சிரித்தார். கடைக்காரியைப் பார்த்துச் சிரிக்கவில்லை, எங்களைப் பார்த்து. பாருங்கள், சின்னப் பெண் என்கிற சிரிப்பு. "ஸ்டிக்கரை யார் வேணா அச்சடிக்கலாம் தங்கச்சி. கனத்தை அச்சடிக்க முடியுமா?"

ஒப்புக்கொள்கிறேன், அந்த இடத்தில் எனக்கே அவர் பேச்சு பிடித்துவிட்டது. சினேலோ தோளைக் குலுக்கிவிட்டு, "ஓகா, நீங்க முதலாளி, உங்க இஷ்டம். படம் பாக்கப் போறது ஆண்ட்டி" என்று அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டாள். அபோசெதே இன்னும் அந்தக் குட்டைக் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். எஞ்சினியர் குரலைத் தாழ்த்தி, "மொரெனிக்கே அம்மா, பொண்ணு கல்யாணத்தப் போயி பொம்மைக் கேபிள்லயா பாக்கப் போறீங்க?" என்றார். எந்தத் தாய் இதற்குப் பிறகு அதை வாங்குவாள்? வைத்துவிட்டு வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை எஞ்சினியர் தன் அலமாரியிலிருந்து அந்தப் பொக்கிஷத்தைக் கொண்டுவந்தார். கட்டைவிரல் தடிமன், பத்து மீட்டர் நீளம், கறுப்பு. பர்மிங்காமில் ஒரு டாக்டர் வீட்டில் இருந்ததாம். ஒரு கை தூரத்துக்குப் பத்து மீட்டர் எதற்கு என்று அபோசெதேயின் தம்பி கேட்டதற்கு, மிச்ச நீளம் கேபிளுக்கு மூச்சு விட இடம் கொடுக்கும் என்றார். மிச்ச நீளம் சோபாவுக்குக் கீழே சுருண்டு மூச்சு விட்டது. பெட்டியில் உள்ளூர்ச் செய்திச் சேனலைப் போட்டுப் பார்த்தோம். படம் பளிச்சென்று வந்தது. நாங்கள் ஒவ்வொருவராகக் குனிந்து கேபிளைத் தூக்கிப் பார்த்து, "கனம்" என்றோம். நானும் சொன்னேன்.

சனிக்கிழமை அபோசெதே வீட்டுக் கூடத்தில் முப்பது பேர். எல்லோருக்கும் ஒரே நீலத் துணி, பெண்களுக்கு விறைப்பான தலைக்கட்டு, அடுப்படியில் ஜொலோஃப் சோறு, வெளியே உறுமும் ஜெனரேட்டர். எஞ்சினியர் அகலமான நீல அக்படா அங்கியைத் தோளுக்கு மேல் மடித்து மடித்து விட்டுக்கொண்டு கதவருகே நின்று, உள்ளே வருகிறவர்களின் போனையெல்லாம் வாங்கி ஒரு அரிசிப் பேசினில் போட்டு அடுப்படிக்கு அனுப்பினார். போன் அலை கேபிளுக்குள் இறங்கிவிடுமாம். அபோசெதேயின் போனும் அந்தப் பேசினுக்குத்தான் போயிற்று.

ஒரு மணிக்குப் படம் வந்தது. எப்படிப்பட்ட படம்! பெண்ணின் கழுத்துப் பவளத்தை எண்ணலாம். அபோசெதே திரைக்கு ஒரு அடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மகள் கையை ஆட்டினாள், இவர் ஆட்டினார். நாலு நிமிஷம் கழித்துத் திரை ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது. பிறகு இன்னொரு தடவை. சூடேறுகிறது, நல்ல கேபிள் அப்படித்தான் என்றார் எஞ்சினியர். மான்செஸ்டரில் பெண்ணும் மாப்பிள்ளையும் எழுந்து, பாட்டுக்குத் தகுந்தபடி மெல்ல ஆடிக்கொண்டே, எங்களைப் பார்த்து நடந்து வந்தார்கள். அபோசெதே எழுந்து நின்று கையைத் தூக்கினார். திரை இருண்டது. நடுவில் 'சிக்னல் இல்லை' என்று இரண்டு சொல்.

எஞ்சினியர் பாய்ந்தார். டிவிக்கும் சுவருக்கும் நடுவில் தலையை விட்டு, மீதி உடம்பை எங்களுக்கு விட்டுவைத்து, ஒரு கையை மட்டும் மேலே உயர்த்தினார். "யாரும் பேசாதீங்க. கேபிள் சத்தத்தக் கேக்கணும்."

முப்பது பேரும் வாயை மூடிக்கொண்டோம். என் போன் எங்கே என்று அபோசெதே கேட்க ஆரம்பித்தார். "மேடம், ஒரு நிமிஷம்" என்று டிவிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. எஞ்சினியர் கேபிளைப் பிடுங்கினார், ஊதினார், தொப்பியால் துடைத்தார், தலையை வாலாகவும் வாலைத் தலையாகவும் மாற்றினார். பெட்டியோடு வந்த கேபிளைப் போட்டுப் பார்க்கலாமா என்று நான் கிசுகிசுத்தேன். "ப்ரொஃபெசர், இது கணக்குப் பாடம் இல்ல" என்று பதில் வந்தது. அந்தக் கேபிள் அவர் வீட்டில் இருந்தது.

ஒன்பது நிமிஷம். படம் திரும்பி வந்தபோது கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எஞ்சினியர் வியர்வையோடு தலையை வெளியே எடுத்தார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கை தட்டினோம்.

அபோசெதே மட்டும் தட்டவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பேசினுக்குள் கையை விட்டுத் தன் போனைத் தேடி எடுத்தார். இருபத்திரண்டு அழைப்புகள் வந்து நின்றிருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி அடித்தது. எடுத்த அவசரத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது போலிருக்கிறது, எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா, எங்களுக்குப் படம் நிக்கவேயில்லம்மா. உங்களப் பாத்துக்கிட்டேதான் இருந்தோம், இங்க எல்லாருக்கும் தெரிஞ்சுது. யாரோ பேசாதீங்கன்னு சொன்னதுகூடக் கேட்டுச்சு. நான் முட்டி போட்டுக் காத்துக்கிட்டிருந்தேன். நீங்க ஏம்மா ஒண்ணுமே சொல்லல?"

கேமரா நேராகப் பெட்டியோடு சேர்ந்தது, கேபிள் எங்கள் திரைக்கு மட்டும்தான். எங்கள் திரைதான் இருண்டிருந்தது. எங்களை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் இருட்டைப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் மகள் காதில் விழுந்திருக்கும். விழவிடாமல் முப்பது பேர் ஒழுங்காக வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறோம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதனால் என்ன, ரெக்கார்டு இருக்குமே, அப்புறம் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். அபோசெதே திரும்பி, கோபமே இல்லாமல் கேட்டார்: "ரெக்கார்டுல நான் சொல்ல முடியுமா?"

பிறகு அடுப்படியில் நின்றபடியே போனைப் பார்த்து அந்த ஆசீர்வாதத்தைச் சொன்னார். மான்செஸ்டரில் மேளம் ஆரம்பித்துவிட்டிருந்தது. இரண்டு தடவை மகள் "என்னம்மா?" என்று கேட்டது எங்கள் காதில் விழுந்தது.

எஞ்சினியர் கேபிளைப் பக்குவமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். கோளாறு அந்தப் பக்கம்தான் என்றார். மண்டபத்தில் என்ன பொம்மைக் கேபிளைப் போட்டிருந்தார்களோ என்று அனுதாபப்பட்டார். ஜொலோஃப் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனார். மறுவாரமே அடுத்த தெருவில் ஒரு டிவி வந்திறங்கியது, தகவல் எப்படித்தான் கிடைக்கிறதோ, டிவி வருவதற்கு முன்னாலேயே அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

வாசகரே, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன், மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். திரை இருண்டதும் உங்களுக்கு முதலில் என்ன தோன்றியது? பழைய கேபிளில் பத்து மீட்டர் தாங்காது என்று தோன்றியதா? பெட்டியில் படத்தின் தரத்தை ஒரு படி குறைத்திருந்தாலே வந்திருக்குமே, இந்த ஆளுக்கு அதுகூடத் தெரியவில்லையே என்று தோன்றியதா? சரிதான், நீங்கள் சொல்வது முழுக்க முழுக்கச் சரி. அந்த ஒன்பது நிமிஷமும் அபோசெதே தூக்கிய கையை இறக்கவில்லை என்பது பிறகு ரெக்கார்டில்தான் தெரிந்தது. நாங்கள் ஒருவரும் அப்போது அதைப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்களா?