வரி கட்டும் வம்சம்

"கட்டினதைத் திருப்பி வாங்குறதா? நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கமே—"

"அப்பா, முழுசாக் கேளுங்க, இங்க எல்லாருக்கும் திருப்பித்—"

"எல்லாரும் வாங்கிக்கட்டும். நீ வாங்காதே."

கத்தரிக்கோல் மேல் சாய்த்து வைத்திருந்த கைப்பேசிக்குள் மகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். கோட்டு மாஸ்டர் கழுத்தில் தொங்கிய டேப்பை இரண்டு பக்கமும் இழுத்துச் சமமாக்கினார். கோட்டைத் தவிர வேறெந்த உடுப்பையும் தைப்பதில்லை என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

வெளிநாட்டில் படிக்கும் மகள், வாரக் கடைசியில் பல்கலைக்கழக உணவகத்தில் தட்டுக் கழுவினாள். முதல் மாதச் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியபோது மாஸ்டர் சம்பளத்தைப் பார்க்கவேயில்லை. வரி என்று பிடித்திருந்த தொகையைத்தான் பார்த்தார். சீட்டைப் பெரிதாக அச்செடுத்து, கடையின் ஆளுயரக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினார். அளவு கொடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்களுக்கு வேறெங்கும் பார்க்க வழியில்லை.

"எங்க தாத்தா துணி வெட்டினார், அப்பா வெட்டினார், நானும் வெட்டுறேன். வரி கட்டுற உயரத்துக்கு ஒருத்தரும் வந்ததில்ல. எம்பொண்ணு இன்னொரு நாட்டு அரசாங்கத்துக்கே கட்டுறா. மூச்சைப் பிடிக்காதீங்க சார், வயித்தை விடுங்க."

இப்போது அந்த வரி முழுவதும் திரும்பி வரப்போகிறதாம்.

"வருஷம் பூரா நான் சம்பாதிச்சது வரி கட்டுற அளவுக்கு இல்லப்பா. மாசாமாசம் பிடிச்சுட்டாங்க. கணக்குக் காட்டினா திருப்பித் தருவாங்க. அதை வெச்சுத்தான் கடைசிப் பருவத்துக்கு ஃபீஸ் கட்டணும்."

"அளவுக்கு இல்லையா?" மாஸ்டர் வாசலைப் பார்த்துக் குரலை இறக்கினார். கோட்டுக்குப் பட்டன் தைக்க ஒருவர் காத்திருந்தார். "மெதுவாப் பேசு. அப்படின்னா கணக்கே காட்டாதே."

"வரி இல்லேன்னாலும் காட்டணும்பா. இல்லேன்னா விசாவுக்கே சிக்கல்."

"சரி, இனிமே கூட ரெண்டு நாள் கழுவு. அடுத்த வருஷமாவது நிமிர்ந்து கட்டலாம்."

"படிக்க வந்தவங்க இத்தனை மணி நேரம்தான் வேலை செய்யலாம்னு சட்டம். அதுக்கு மேல ஒரு தட்டுக் கழுவினாலும் ஊருக்கு அனுப்பிடுவாங்க."

மாடிப்படியில் இருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். தோளில் நீலத் துணி. பள்ளிச் சீருடை, ஆஸ்பத்திரி அங்கி என்று அவள் ஆள் வைத்துத் தைப்பதெல்லாம் மேல்மாடியில். அங்கே எத்தனை மிஷின் ஓடுகிறது என்று கேட்டால் மாஸ்டருக்குச் சொல்லத் தெரியாது. அது சில்லறைத் தையல். கோட்டுக்காரர் அந்தப் படியில் ஏறுவதில்லை.

"ஏங்க, வரிங்கிறது எப்படின்னா—"

"வரியைப் பத்தி உனக்கென்ன தெரியும்? போய்க் காலரைத் தை."

"தைக்கிறேன்," என்று அவள் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கோட் வாங்க வந்தார். ஆங்கிலம் தெரிந்தவர். மாஸ்டர் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"அந்த நாட்டு வரி ஆபீசுக்கு நீங்க ஒரு ஈமெயில் போடணும் சார்."

"பணிவாவா, கம்பீரமாவா?"

"ரெண்டும் கலந்து."

எழுதியதைத் தலைமையாசிரியர் தமிழில் படித்தும் காட்டினார். "நாங்கள் மூன்று தலைமுறையாகக் கோட்டுத் தொழில் நடத்தும் செழிப்பான குடும்பம். இத்தொழிலில் எங்கள் மகளுக்கும் உரிமை உண்டு. ஆகவே, அவள் கட்டிய வரியைத் தாங்களே வைத்துக்கொண்டு சாலை முதலியன போட்டுக்கொள்ளவும்."

சுவரில் இருந்த சீட்டைப் பார்த்து மகளின் வரி எண்ணையும் சேர்த்தார்கள். மாஸ்டர் தையல் கூலி வாங்கவில்லை.

சில நாளில் மகள் கூப்பிட்டாள். கேமராவைப் போடவில்லை.

"அப்பா, நீங்க யாருக்காவது ஏதாவது எழுதினீங்களா?"

"எதுக்குக் கேக்கிறே?"

"என் பணத்தை நிறுத்தி வெச்சுட்டாங்க. ஊர்ல எனக்குத் தொழில் இருக்காமே, அந்த வருமானத்தை ஏன் மறைச்சேன்னு கேக்கிறாங்க."

"சாலையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அழறியாம்மா?"

"இல்லப்பா. இந்த மாசத்துக்குள்ள ஃபீஸ் கட்டலேன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க. எனக்கு அங்கேருந்து ஒரு வருமானமும் வரலேன்னு ஆடிட்டர் யாராவது எழுதித் தரணும்."

மாஸ்டருக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவர்தான். கோட் தைக்கக் கொடுத்திருந்தார். கடைக்கு வரும்போதெல்லாம் மேல்மாடிக்கும் ஒரு நடை போய்வருவார். பிள்ளைகளின் சீருடைக்காக இருக்கும் என்று மாஸ்டர் நினைத்திருந்தார்.

அவரை அன்றைக்கே வரவழைத்து, ஒற்றைக் கை மட்டும் வைத்த கோட்டை மாட்டி, தோளில் குண்டூசி குத்திக்கொண்டே மாஸ்டர் நடந்ததைச் சொன்னார்.

"செழிப்பான குடும்பம்னு நீங்களே எழுதிக் கொடுத்தீங்களா?"

"செழிப்பு இல்லேன்னு இப்ப எழுதிடுங்க சார்."

"எவ்வளவு இல்ல?"

"நிறைய இல்ல." மாஸ்டர் கண்ணாடியைப் பார்க்காமல் சொன்னார். "எம்பொண்ணு பரீட்சை எழுதணும். என்னை எவ்வளவு கீழே இறக்கணுமோ இறக்குங்க."

ஆடிட்டர் கண்ணாடிக்குள் தெரிந்த மாஸ்டரைப் பார்த்தார். பிறகு, "கடையில அவளுக்குப் பங்கு இல்ல, உங்க வருமானமே வரி போடுற அளவுக்கு வரலேன்னு எழுதித் தர்றேன். அது போதும். இன்னிக்கே அனுப்பிடலாம்," என்றார்.

மாஸ்டருக்கு மூச்சு வந்தது. மூச்சோடு பழைய மிடுக்கும் வந்துவிட்டது.

"நான் சம்பாதிக்கலேன்னாலும் என் கோட்டுக்கு ஒரு மதிப்பு உண்டு சார். படிப்புக் கடன் கேக்கப் போனப்ப பாங்க் மேனேஜர் நான் தெச்ச கோட்டைத்தான் போட்டிருந்தார். மறு பேச்சில்லாம கொடுத்துட்டாங்க. நான் ஒரு அவசர கோட்டுத் தையல்ல இருந்தேன், கையெழுத்தை மட்டும் எங்க வீட்டுக்காரி போய்ப் போட்டுட்டு வந்தா."

ஆடிட்டர் சட்டென்று திரும்ப முயன்றார். ஊசி குத்தியது.

"ஆடாதீங்க, கையைத் தூக்குங்க. அந்தக் கடுதாசியில கடைசியா ஒண்ணு சேர்த்துடுங்க. எங்க வம்சத்துலேயே முதன்முதலா வரி கட்டின ஆள் எம்பொண்ணுதான்னு. திருப்பி வாங்கினாலும் கட்டினது கட்டினதுதானே?"

தோளில் நீலத் துணியோடு மனைவி படியிறங்கி வந்து, ஆடிட்டரைப் பார்த்ததும் பாதியில் நின்றாள்.

ஆடிட்டர் தூக்கிய கையை இறக்காமலே சொன்னார்: "அதை மட்டும் எழுத முடியாது மாஸ்டர். பாங்க்ல கடன் கொடுத்ததே இந்த அம்மா வருஷாவருஷம் கட்டுற வரியைப் பார்த்துத்தான், மேனேஜரோட கோட்டைப் பார்த்து இல்ல."