கிழிசல் டெய்லர் வைத்த எட்டாம் நம்பர்

ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு கூடைப்பந்து அணியைத் தேர்வு செய்யக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையில், ஆறடிக்கு எட்டடி கடையில், ஒரு தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டு அணிகளுக்கு ஆள் பொறுக்க நிபுணர்கள் இருக்கிறார்களாம், கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்களாம். போடட்டும். எங்கள் கிழிசல் டெய்லரிடம் இருந்தது ஒரு மூக்குக் கண்ணாடியும் இரண்டு விரல்களும்தான்.

எங்கள் ஊர் அணிக்கு பனியன் தைப்பவர் அவர். பருவம் முடிந்ததும் அழுக்குப் பனியன்கள் மூட்டையாக அவரிடம் வரும். அடுத்த பருவம் தொடங்குமுன் கிழிசலைத் தைத்து, பழைய நம்பரைப் பிரித்து, புது நம்பர் வைத்துக் கொடுப்பார். கூடைப்பந்தில் அப்போது நம்பர் நாலில்தான் தொடங்கும். எங்கள் அணியில் நாலு முதல் எட்டு வரை, முதலில் இறங்கும் ஐந்து பேர். ஒன்பதிலிருந்து பெஞ்சு. வருஷா வருஷம் இந்த ஐந்து பேர் யார் என்று டெய்லர் கடை வாசலில் ஒரு மாதம் வாய்ச்சண்டை நடக்கும். டெய்லர் வாயில் ஊசியை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் ஊசியை எடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வார். பெரும்பாலும் அதுதான் நடக்கும்.

“இதுல இன்னாப்பா ரகசியம்? அக்குள்ல கிழிஞ்சிருந்தா எகிறிப் பந்து புடிக்கிறவன். தோள்ல கிழிஞ்சிருந்தா எதிராளி இழுத்திருக்கான், அப்ப இவன் தாண்டிப் போறவன். கீழ முன்பக்கம் மட்டும் நைஞ்சி போயிருந்தா மூஞ்சி தொடச்சிக்கினே இருந்திருக்கான், மூச்சு கம்மி. எங்கியுமே கிழியலன்னா பெஞ்சுல குந்திக்கினு இருந்தவன்.”

“ஒரு தடவ கிரவுண்டுக்கு வந்துதான் பாருங்களேன்” என்றால் வரமாட்டார். “நேர்ல பாத்தா மனசு ஒரு பக்கம் சாயும்பா. துணி சாயாது” என்பார்.

இந்தப் பைத்தியம் கூடைப்பந்தோடு நிற்கவில்லை. ஒரு முறை சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் தோளில் கிழிந்த காக்கிச் சட்டையோடு வந்தார். எங்கோ தகராறில் எவனோ இழுத்துவிட்டிருக்கிறான். டெய்லர் கிழிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, “யாரு சார் இழுத்தது? கையில நல்ல புடி இருக்குது. வெளிய வுட்டீங்கன்னா நம்ம டீமுக்கு அனுப்புங்க” என்றார். கடையில் இருந்த நாங்கள் நான்கு பேரும் நான்கு திசையில் ஓடினோம். கேப்டன் தண்டபாணியின் பனியனைப் பிரித்தவர், “வயித்தாண்ட ரெண்டு இஞ்சு எறக்கி வுட்டிருக்கேன். கடைசி அஞ்சு நிமிஷம் மட்டும் எறங்குங்க” என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். கேப்டன் ஒரு வாரம் அந்தச் சாலையிலேயே வரவில்லை.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு விஷயம் இருந்தது. பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்றுதான் அணியை நடத்தியது. முதல் ஐந்து பேருக்கு அரவைப் பருவம் முழுக்க ஆலையில் வேலை. மற்றவர்களுக்கு ஆட்டத்தன்று பூரி கிழங்கு. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருந்தது ஒரு வீட்டின் ஆறு மாதச் சாப்பாடு.

நான் சொல்லும் வருஷம் எங்கள் ஜனங்கள் தனி இடஒதுக்கீடு கேட்டுப் போராடிய வருஷம். மறியலுக்காக வெட்டிய சாலையோரப் புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. பஸ் ஓடவில்லை. பக்கத்து ஊரில் துப்பாக்கிச் சூடு என்று ஒரு நாள் சேதி வரும், மறுநாள் இல்லை என்பார்கள், அதற்கு மறுநாள் செத்தவரின் பெயரோடு வரும். நான் பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய மூன்றாவது ஆள் நான். படித்தும் நுழைய வாசல் இல்லை என்ற கோபம் எனக்கும் இருந்தது. எங்கள் ஜனங்கள் கேட்டது நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் கோபம் டெய்லர் கடைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. பஸ் ஓடாததால் கண்டக்டர் முருகேசன் முழுநேர ரசிகராகிவிட்டார். எங்கள் தெருக்காரர். முந்தின வருஷத்து எட்டாம் நம்பர்காரன் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டதால் அந்த இடம் காலி. அதற்கு இரண்டு இளம் ஆட்கள் இருந்தார்கள். ஒருவன் எங்கள் தெரு குமரவேல். இன்னொருவன் கல்வராயன் மலையிலிருந்து வந்து இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படித்து, படிப்பு முடிந்து மலைக்கே திரும்பிவிட்ட சடையன்.

“அஞ்சுல ரெண்டு பேராவது நம்ம தெரு ஆளா வேணும். சர்க்காரும் குடுக்கல, நீங்களும் குடுக்க மாட்டீங்களா?” என்றார் முருகேசன்.

“யோவ், பனியன்ல இன்னா தெரு பேரா எழுதியிருக்குது? நம்பர்தான எழுதியிருக்குது?” என்றார் டெய்லர்.

வழக்கமாக ஒரு பரீட்சை ஆட்டம் வைத்துப் பார்ப்பார்கள். அந்த வருஷம் எல்லோரையும் ஒரே நாளில் மைதானத்தில் கூட்ட வழியில்லை. திங்கட்கிழமை ஐந்து பேரும் நம்பர் போட்ட பனியனோடு ஆலை வாசலில் நிற்க வேண்டும். குமாஸ்தா நம்பரைப் பார்த்துத்தான் வேலைக்குப் பெயர் எழுதுவார். கேப்டன் கையைப் பிசைந்தார். கடைசியில் முருகேசனே சொன்னார்: “டெய்லரே துணியப் பாத்துச் சொல்லட்டும். அவரு சொன்னா சரி.” எல்லோரும் தலையாட்டினோம்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு பனியன்களையும் மேஜையில் விரித்தார். குமரவேலின் பனியன் இரண்டு அக்குளிலும் கிழிந்து தொங்கியது. சடையனுடையதை முன்னும் பின்னும் புரட்டினார். ஒரு கிழிசல் இல்லை. “புதுசு மாதிரி கீதேப்பா. இவன் ஆடவே இல்ல. குமரவேலு எட்டு. சடையன் பன்னெண்டு” என்றார். முருகேசன் கடைக்கு ஓடிப்போய் மிட்டாய் வாங்கி வந்தார். நானும் இரண்டு தின்றேன்.

மறுநாள் காலை நான் கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். குமரவேலுக்கு எட்டை வைத்து முடித்துவிட்டு, சடையனின் பனியனில் பன்னிரண்டை வைக்கப் போன மெஷின் நடுவில் நின்றது. தலை தூக்கிப் பார்த்தேன். டெய்லர் பனியனின் தோளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். உள்பக்கம் திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இங்க வா. இது இன்னா?”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் என் விரலைப் பிடித்து வைத்த பிறகுதான் ஒரு மெல்லிய தடிப்பு தட்டுப்பட்டது. யாரோ கையால் தைத்திருக்கிறார்கள். அதுவும் பனியனின் கீழ் மடிப்பைப் பிரித்து, அதிலிருந்தே நூலை உருவி, அந்த நூலாலேயே இழைக்கு இழை கோத்திருக்கிறார்கள். அதனால்தான் நிறம் காட்டிக்கொடுக்கவில்லை. டெய்லர் தேடித் தேடி எண்ணினார். தோளில், முதுகில், அக்குளில் என்று மொத்தம் பதினேழு இடம். எண்ணி முடித்ததும் பனியனை மடித்து மேஜைமேல் வைத்தார்.

பிறகு ஆளனுப்பி கேப்டனையும் முருகேசனையும் குமரவேலையும் வரவழைத்தார். பின்னாலேயே எங்கள் தெருவே வந்துவிட்டது. பனியனை முருகேசன் கையில் கொடுத்தார்.

“இதுல எங்க கிழிஞ்சிருக்குதுன்னு கண்டுபுடிங்க.”

பனியன் கை மாறிக்கொண்டே போனது. ஒருவராலும் முடியவில்லை. டெய்லர் எழுந்து நின்றார். “என்னாலயும் முடியல. இருவத்தாறு வருஷமா ஊசி புடிக்கிறவன், நேத்து எனக்கே தெரியல. நான் தப்பா பாத்துட்டேன். எட்டு சடையனுக்கு.”

“நேத்து மத்தியானம் நம்ம ஆளு, இன்னிக்கி மலைக்காரனா? உனக்கு யாரு இன்னா குடுத்தாங்க?” என்று முருகேசன் கத்தினார். பின்னால் இருந்தவர்கள் முன்னால் வந்தார்கள். அந்த நாட்களில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கடை எரிந்திருக்கிறது.

குமரவேல் பனியனை வாங்கித் தோளைத் தடவிப் பார்த்தான். “இந்தத் தோள்ல கீற கிழிசல் நான் இழுத்ததுதாங்க” என்றான். “பிராக்டீஸ்ல நாலஞ்சு நாளு இழுத்தேன். ஒரு தடவகூட அவன் நிக்கல.”

“அதுக்கு? எட்ட வுட்டுக் குடுத்துடுவியாடா?” என்றார் முருகேசன்.

குமரவேலின் அப்பாவுக்கு அந்த வருஷம் வாதத்தில் கை விழுந்திருந்தது. அந்த வேலை அவன் வீட்டுக்கும் வேண்டியதுதான். அவன் பனியனை மேஜைமேல் வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டான். அவனே போன பிறகு மற்றவர்கள் யாருக்காகச் சண்டை போடுவது? முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் டெய்லர் என் வீட்டு வாசலில் நின்றார். எட்டாம் நம்பர் பனியன் பேப்பரில் சுற்றி அக்குளில் இருந்தது. “மலைக்குப் போவணும். எனக்கு சைக்கிள் வுடத் தெரியாது. நீ மிதி, நான் பின்னால குந்திக்கிறேன்” என்றார்.

முதல் புளியமரத்தில் இருபது பேர் நின்றார்கள். எங்கள் ஜனங்கள்தான், ஆனால் வெளியூர். “எங்க போறீங்க? வண்டி ஒண்ணும் போவக்கூடாது” என்றார்கள்.

“எட்டாம் நம்பர் குடுக்கப் போறேம்பா” என்றார் டெய்லர், ஏதோ தபால்காரர் மாதிரி.

விஷயத்தைக் கேட்டதும் மறியல் ஒரு நிமிஷம் ஆட்டக் கமிட்டியாக மாறிவிட்டது. “அஞ்சாம் நம்பர் யாரு? தண்டபாணியா? அந்தத் தொப்பைக்கா இன்னும் நம்பர் குடுத்துக்கினு இருக்கீங்க?” என்று ஒருவர் கையில் அரிவாளோடு கேட்டார். டெய்லர் அந்த அரிவாளைப் பார்க்காமலே, வயிற்றுப் பக்கம் இரண்டு அங்குலம் இறக்கிவிட்ட கதையைச் சொன்னார். சிரித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

“எட்டு யாருக்கு?”

“மலைக்காரப் பையனுக்குங்க.”

சிரிப்பு நின்றது.

“அவன் ஆடுவானா?” என்றார் பெரியவர்.

“ஆடுவான். நான்தான் தப்பா பாத்துட்டேன்.”

பெரியவர் எங்களை இரண்டு முறை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப தூக்கி வுடுங்கடா” என்றார். நான்கு பேர் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். இப்படியே இன்னும் மூன்று மரம். நாலாவது மரத்தைத் தாண்டும்போது எங்கள் ஐந்து பேரில் மூன்று பேரை அவர்கள் பேச்சிலேயே மாற்றியிருந்தார்கள். எட்டை மட்டும் யாரும் தொடவில்லை.

அடிவாரத்தில் சைக்கிளை ஒரு வீட்டில் விட்டுவிட்டு நடந்தோம். மலைமேல் கரியாலூரைத் தாண்டி, வழி கேட்டுக் கேட்டு, சடையன் வீட்டைப் பிடிக்கும்போது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. அவன் ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியோடு கேரளாவுக்கு, மிளகுத் தோட்ட வேலைக்குக் கிளம்புகிறானாம். ஒரு நாள் தாமதித்திருந்தால் ஆள் இல்லை.

டெய்லர் உட்காரவில்லை. அவன் அம்மாவும் அக்கம்பக்கமும் பார்த்துக்கொண்டிருக்க, பனியனை இரண்டு கையாலும் நீட்டினார். “தம்பி, நீ தச்சது எனக்குத் தெரியல. ஆடாதவன்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்க.”

“ஐயோ, இன்னாங்க நீங்க…” என்று அவன் பின்வாங்கினான்.

“கிழிஞ்சத அப்பிடியே வுட்டிருக்கக் கூடாதா? எதுக்குப்பா தச்ச?”

சடையன் கையிலிருந்த பையைக் கீழே வைத்தான். “கிழிச்சிட்டேன்னு தெரிஞ்சா அடுத்த வருஷம் பனியன் குடுக்க மாட்டாங்கன்னு நெனச்சேங்க” என்றான்.

டெய்லர் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் செருப்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை சடையன் ஆலை வாசலில் எட்டாம் நம்பரோடு நின்றான். அந்த வேலை அவனுக்கு அடுத்தடுத்த வருஷமும் நிலைத்தது. எங்கள் தெரு டெய்லருக்குத் துணி கொடுப்பதை நிறுத்திவிட்டது. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை, முருகேசன் நிறுத்தினார், பிறகு எல்லோரும். எங்கள் வீட்டில் அப்பா, “அந்தாளு கடப்பக்கம் போவாத” என்றார். மலைக்கு மிதித்துக்கொண்டு போன நானும் போகவில்லை. மூன்று மாதம் சாலையின் மறுபக்கமாக நடந்தேன். மெஷின் சத்தமில்லாத கடையில் அவர் உட்கார்ந்திருப்பது ஓரக்கண்ணில் தெரியும். அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

தை பிறப்பதற்கு நான்கு நாள் முன்னால் ஒரு இன்டர்வியூ கார்டு வந்தது. நல்ல சட்டை இல்லை. அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு துணியோடு போய் நின்றேன். அவர் எழுந்து வந்தார், டேப்பை என் மார்பைச் சுற்றிப் பிடித்தார், பார்த்தார், மறுபடி பிடித்துப் பார்த்தார்.

“இன்னாப்பா இது, ரெண்டு இஞ்சு எளச்சிட்ட? வூட்ல ஒழுங்கா சாப்பிடறியா, இல்லியா?”

கையைத் தூக்கியபடி சுவரைப் பார்த்து நின்றேன். திரும்பினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.