ரூட்டின் ஷெல்லை வீட்டுக்குக் கொண்டுபோனேன்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் சும்மா விட எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை; அக்கா ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

அக்கா காக்ஸ் டவுனில் ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறாள். அங்கே ஒரு கிழட்டு லினக்ஸ் கணினி. தினமும் காலையில் ரூட் என்கிற நிர்வாகிக் கணக்கில் நுழைந்து அச்சு நிரலை முடுக்கினால்தான் ரத்தக் குழாயில் ஒட்டும் பார்கோடு சீட்டு அச்சாகும். பொறுப்பாளர் நான் (சம்பளம்: டிபன்).

நாம் தட்டும் கட்டளையை வாங்கிக் கணினியிடம் சொல்வது ஷெல். ரூட்டிடம் இருந்தது கறுப்பு வெள்ளையில் ஒரு அப்பாவி. நானோ புது ஷெல் ஒன்றைப் பார்த்து மயங்கியிருந்தேன். கலர் கலராக வரும். பாதி தட்டினால் மீதியைத் தானே சொல்லும்! கணினியில் இடமில்லை. அதனாலென்ன? என் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் அதை நிறுவி, ரூட்டின் நிரந்தர ஷெல்லாக நியமித்துவிட்டேன். மாலையில் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு மர்பி டவுன் வீட்டுக்குக் கிளம்பினேன். (அதில் சினிமாவும் இருந்தது, பார்க்க வேண்டாமா?)

மறுநாள் காலை ஏழு மணி. வெறும் வயிற்றோடு பத்துப் பேர். பாஸ்வேர்டு சரிதான், ஆனால் கணினி ஒரு வரி முனகிவிட்டு என்னை வெளியே தள்ளியது. ஐந்து முறை.

"என்னடி?"

"உள்ள விடமாட்டேங்குதுக்கா."

"நேத்து விட்டுச்சே? என்ன பண்ணித் தொலச்ச?"

"சும்மா... கொஞ்சம் கலர்..."

முன்வரிசைப் பெரியவர் எழுந்தார். "ஏம்மா, ஸ்வல்ப, கொஞ்சூண்டு காபி குடிச்சிட்டு வரட்டா?"

"ஐயோ, வேணாம் அங்கிள்! குடிச்சா நாளைக்குத்தான் எடுக்க முடியும்!"

"இப்படியே போனா இங்கயே நாளைக்கு ஆயிடும்மா."

அக்கா என் காதருகே பல்லைக் கடித்தாள். "எதிர்ல புது லேப் வந்திருக்குடி. எல்லாரும் அங்க போயிட்டா நான் கடைய மூட வேண்டியதுதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது: ரூட்டின் ஷெல் டிஸ்கோடு என் வீட்டில் கிடக்கிறது, அது இல்லாமல் ரூட் யாரையும் உள்ளே விடாது. விஷயத்தைச் சொன்னேன்.

"அதாவது, கதவக் கழட்டிப் பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்ட?"

ஸ்கூட்டரில் பறந்தேன். டிஸ்கோடு திரும்பி, செருகி, கணினியை மறுபடி கிளப்பியதும் ரூட் கலர் கலராக வரவேற்றது. முதல் வேலையாக அந்தப் பழைய அப்பாவியையே மறுபடி நியமித்தேன். மூன்று பேர் சாலையைக் கடந்துவிட்டிருந்தார்கள். மீதிப் பேர் வாசலில் நின்று முணுமுணுத்தார்கள்; பெரியவர் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"தேங்க்ஸ் அங்கிள், எங்கள நம்பி இருந்ததுக்கு."

"நம்பிக்கையாவது! எழுந்து நடக்கத் தெம்பு இல்லம்மா."

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் பேசி முடிந்ததும் அக்கா புருஷன் மாப்பிள்ளையின் அப்பாவிடம் பணிவாகச் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு சார். இவ வெளிய கிளம்புறப்பல்லாம் உங்க வீட்டு வாசக்கதவு இருக்கான்னு பாத்துக்குங்க."