செல்லாத கிளிக்குகள்

"அக்கா, என் வெப்சைட்டுல வர்ற விளம்பரத்தைக் கிளிக் பண்ணினியா?"

"எது, நீ குழாய் ரிப்பேர் பண்றதைப் படம் புடிச்சுப் போடுவியே, அதுவா?"

"அதேதான். யாரோ அதையே திரும்பத் திரும்பக் கிளிக் பண்றாங்களாம். ஒரு கிளிக்குக்கு இவ்வளவுன்னு காசு தர்ற விளம்பரக் கம்பெனிலேருந்து, இதெல்லாம் ஆள் வெச்சுப் பண்ற செல்லாத கிளிக்குன்னு மெயில் வந்திருக்கு. சரியா விளக்கம் சொல்லலேன்னா என்னை அவங்க லிஸ்ட்லேருந்தே நீக்கிடுவாங்களாம்."

"நான் அதைத் திறந்ததுகூட இல்லடா."

கேட்டவர் ஒரு கல்லூரி நூலகர். நாலு வருடமாக வீட்டுக் குழாய், ஷவர், ஃப்ளஷ் டேங்க் என்று எது கெட்டாலும் தானே கழற்றி மாட்டி, 'நீங்களே செய்யலாம்' என்ற தளத்தில் எழுதிவந்தார். நூலகத்தில் அவரிடம் யாரும் நாலு வார்த்தை பேசுவதில்லை. தளத்திலோ முகம் தெரியாதவர்கள், "நன்றி ஆசானே" என்பார்கள்.

அக்காவிடம் கேட்டதோடு விட்டிருக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார்: 'தயவுசெய்து யாரும் என் தளத்தில் விளம்பரத்தைத் தொட வேண்டாம்.' கூடவே தளத்தின் முகவரியையும் போட்டார். அதுதான் வினை. அப்படி ஒரு தளம் இருப்பதே பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது. எதைத் தொடக் கூடாது என்று பார்க்கக் கூட்டமாக உள்ளே போனார்கள். சித்தப்பா நாலு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, "இதைத்தானே தொடக் கூடாதுங்கற?" என்று கேட்டார்.

செய்தியை அரைகுறையாகப் படித்த அக்கா, "பாவம், தம்பி கஷ்டப்பட்டு எழுதியிருக்கான். ஆளுக்கு ரெண்டு கிளிக் பண்ணுங்கப்பா" என்று குரல் பதிவு அனுப்பினாள்.

மறுநாளே இரண்டாவது எச்சரிக்கை வந்தது.

"அப்ப ஆரம்பத்துலேருந்தே நீதானா?" என்று போனில் பாய்ந்தார்.

"சத்தியமா நேத்துதான்டா..."

"உதவி பண்ணலேன்னாலும் உபத்திரவம் பண்ணாம இரேன்! இனிமே என் விஷயத்துல தலையிடாதே."

அக்கா, "சரிங்க" என்றாள். பிறந்ததிலிருந்து அவரை 'டா' போட்டே கூப்பிட்டவள்.

"அவங்க மேல ஏன் பாயறீங்க? அவங்களா இருக்காது" என்றாள் மனைவி.

"பின்ன யாரு, நீயா?"

அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அன்றே கம்பெனிக்கு விளக்கம் எழுதினார். 'தவறு செய்தவர் என் மூத்த சகோதரி. அவரைக் கண்டித்துவிட்டேன்.' அப்படியே அனுப்பினார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. அவரை நிரந்தரமாக நீக்கிவிட்டார்கள். கடைசி வரியை மூன்று தடவை படித்தார்: 'ஆறு மாதமாக வந்த செல்லாத கிளிக்குகளில் பெரும்பாலானவை உங்கள் வீட்டு இணைய இணைப்பிலிருந்தே வந்துள்ளன.'

விளம்பரம் போனது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு பாவமும் அறியாதவளைக் காட்டிக்கொடுத்துவிட்டதுதான் உறுத்தியது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். மூன்று தடவை எடுக்கவில்லை. நாலாவது தடவை மாமா எடுத்தார்.

"அவ தூங்குறா மாப்பிள்ளை."

மணி காலை பதினொன்று.

"எழுந்ததும், நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க மாமா."

"அதை நீங்களே நேர்ல வந்து சொல்லுங்க" என்று மாமா வைத்துவிட்டார்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அழைப்பு மணி அடித்தது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். அவரே கதவைத் திறந்தார். தோளில் கருவிப்பையுடன் ஒரு பிளம்பர் நின்றிருந்தார்.

"அம்மா இல்லீங்களா சார்? இந்த வீட்டுல யாரோ ஒருத்தர் ரிப்பேர் பண்றேன்னு எல்லாத்தையும் கெடுத்து வெப்பாராம், அவர் வேலைக்குக் கிளம்பினதும் அம்மா ஏதோ வெப்சைட்டுல இருக்கற எங்க விளம்பரத்தை அமுக்கி என்னைக் கூப்பிடுவாங்க. ரெண்டு வாரமா சத்தமே காணோம், அந்த ஆளு ஊர்ல இல்லீங்களா?"