மருந்து போடாத தண்ணீர்

"மருந்து போட்டு மண்ணில வடிச்ச தண்ணியில மருந்தில்லை. மருந்தே போடாத தண்ணியில மருந்திருக்கு. இதென்ன கூத்து மயிலம்மா?"

பேராசிரியர் கதிர்காமநாதன் தாளை மேசையில் எறிந்தார். மயிலம்மா அதைத் தொடவில்லை. அதில் இருந்த மருந்தளவை நினைத்துத்தான் இரவு முழுக்கப் புரண்டிருந்தாள்.

"போத்தலை மாத்திப்போட்டீர்."

"இல்லீங்க சார். நானேதான் பேரெழுதி ஒட்டினேன்."

"அப்ப கை கழுவேல்லை. தோட்டத்துப் பழக்கம் ஆய்வுகூடத்துக்குச் சரிவராது."

பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். பட்டத்துக்குப் படித்ததைவிட அதற்காக விழுங்கியது அதிகம்.

ஆஸ்பத்திரிக் கழிவோடும் கோழிப்பண்ணைக் கழிவோடும் தண்ணீரில் சேரும் டெட்ராசைக்கிளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை மண்ணால் இழுத்தெடுப்பதுதான் ஆராய்ச்சி. மன்னார் முருங்கனிலிருந்து வந்த களிமண்ணை உப்புக் கரைசலில் ஊறவைத்து, கழுவி, சூடேற்றி, பசி பிடித்த மண்ணாக மாற்றியிருந்தாள். சண்டையில் மன்னார்ப் பாதை பூட்டிக் கிடந்தது. இருந்தது கடைசி இரண்டு கிலோ. பைப் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, அதுவே மருந்தைத் தின்றுவிடும். அதனால் கொழும்பு வெள்ளவத்தையில் தான் தங்கியிருந்த வீட்டுக் கிணற்றிலிருந்து காலையில் ஒரு போத்தல் கொண்டுவருவாள். பாதியில் மருந்து கலந்து மண்ணில் வடிப்பாள். மீதி சும்மா இருக்கும். அந்தச் சும்மா தண்ணீர் பூச்சியம் காட்டவேண்டும். காட்டவில்லை.

"வெள்ளிக்கிழமை நிதி தாற ஆக்கள் வருகினம். அதுக்குள்ள பூச்சியம் வரேல்லையெண்டால் வேலையுமில்லை, கடிதமுமில்லை."

வேலை போனால் போகட்டும். கடிதம்தான் உயிர். அது இரண்டாயிரத்தேழு. பொலிஸ் பதிவுப் படிவத்தில் 'கொழும்பில் தங்கியிருக்கக் காரணம்' என்றொரு கட்டம் உண்டு. தக்க காரணம் இல்லாத தமிழரை விடியுமுன் பஸ்ஸில் ஏற்றி ஊருக்குத் துரத்திய கதை வெள்ளவத்தையில் எல்லாருக்கும் தெரியும். அவளிடம் இருந்த ஒரே காரணம், தன்னிடம் வேலை செய்கிறாள் என்று பேராசிரியர் எழுதிக்கொடுத்த அந்தக் கடிதம்.

"கொண்டுவாற வழியில ஆரும் வாய் வைக்கிறவையோ?" என்று கேட்டார் பேராசிரியர்.

மயிலம்மாவுக்குத் திக்கென்றது. காலி வீதிச் சென்றியில், ஆமிச் சோதனைச் சாவடியில், ஒவ்வொரு காலையும் அவளே அல்லவா வாய் வைக்கிறாள்! போத்தலில் இருப்பது தண்ணீர்தான் என்று ஆமிக்காரனுக்குக் குடித்துக் காட்டவேண்டும்.

அன்று பின்னேரம் எரிச்சலோடு வீடு வந்தாள். வீட்டுக்காரி சிவக்கொழுந்து அன்ரி, புருஷன் நாகேந்திரத்துக்கு முன்னால் தம்ளரோடும் மாத்திரையோடும் நின்றாள். மூன்று கிழமையாக அவருடைய காலில் புண். ஆறுகிற பாடில்லை. கொட்டாஞ்சேனை டொக்டர் கொடுத்த குளிசைகளின் கடதாசி உறையில் மருந்தின் பெயரில்லை, 'காலை 1, இரவு 1' மட்டும்.

"இந்த மனிசன் நேரத்துக்குக் குடிக்கிறேல்லைப் பிள்ளை. கசக்குதாம்."

நாள் முழுக்க விழுங்கிய கோபம் மயிலம்மாவுக்கு அங்கே வெடித்தது. "அரைகுறையா குடிச்சா புண்ணு ஆறாது, கிருமிதான் கொழுக்கும்! டோஸ் பத்தலைன்னா டொக்டர்ட்ட சொல்லிக் கூட்டுங்க அன்ரி. கிட்ட நின்னு குடிக்க வைங்க!"

"கேட்டியளே! படிச்ச பிள்ளை சொல்லுது. விழுங்கிட்டியளோ?"

"ம்," என்றார் நாகேந்திரம். பிறகு காற்று வாங்கக் கிணற்றடிக்கு நொண்டிக்கொண்டு போனார்.

அன்ரி அப்போதே ஓட்டோ பிடித்தாள். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த புது உறையில் 'காலை 2, பகல் 2, இரவு 2' என்றிருந்தது.

வியாழன் காலை மயிலம்மா இரண்டு போத்தல் கொண்டுபோனாள். ஒன்று ஆராய்ச்சிக்கு, ஒன்று ஆமிக்கு.

"மொகக்த மே?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான் ஆமிக்காரன்.

"வதுர, மஹத்தயா." தண்ணீர் என்று சொல்லி, ஆமிப் போத்தலை எடுத்து மடக்மடக்கென்று குடித்துக் காட்டினாள்.

அவன் மற்றப் போத்தலைப் பார்த்தான். ஒன்றை ஆசையாகக் குடிக்கிறாள், ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். துவக்கைச் சற்று நிமிர்த்தினான்.

"ஏகத் பொன்ன." அதையும் குடிக்கச் சொன்னான்.

"ஏக பொன்ன பே, மஹத்தயா." குடிக்க முடியாது என்று சொன்ன பிறகுதான் சொன்னதன் பாரதூரம் உறைத்தது.

அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, கடிதம், கைப்பை எல்லாம் மணல்மூட்டை மேல் பரவின. ஒரு மணித்தியாலம் வெயில். கடைசியில் இன்னும் இரண்டு பேர் பார்த்து நிற்க, அந்தப் போத்தலிலும் பாதியைக் குடித்தாள். மிஞ்சியதை மருந்தளக்கும் மெஷினில் வைத்தபோது எண் முந்தின நாளைவிட இரட்டிப்பு.

"இனி நீர் என்ன குளிசை போடுறீர் எண்டு சொல்லும்," என்றார் கதிர்காமநாதன்.

"ஒன்னுமே போடலீங்க சார்!"

தன்மேல் பிழையில்லையென்றால் கிணற்றில்தான் என்று அவளுக்கு அன்றுதான் பட்டது. பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் யாரோ எதையோ கொட்டுகிறார்களாக்கும். வீட்டுக்கு ஓடினாள்.

"அங்கிள், நாளைக்கு காலையில நான் தண்ணி அள்ளுற வரைக்கும் கிணத்தை நீங்கதான் பாத்துக்கணும். ஒருத்தரையும் கிட்ட விடாதீங்க. என் வாழ்க்கையே அதுலதான் கிடக்கு."

நாகேந்திரம் நெகிழ்ந்துபோனார். அவரை நம்பி ஒருவர் ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பல வருஷம். "நான் அசையமாட்டன் பிள்ளை!" கிணற்றுக்கட்டோடு கதிரை போட்டார். சோறும் அங்கே, குளிசையும் அங்கே. அன்ரி தம்ளரோடு கிணற்றடிக்கும் குசினிக்கும் நடந்தாள். பக்கத்து வீட்டுப் பூனைகூட மதிலில் ஏற முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்து நிதி கொடுக்க வந்தவர்களில் ஒருவர், "இது ஆஸ்பத்திரி வாய்க்கால் தண்ணியோ?" என்று கேட்டார். கதிர்காமநாதன் மயிலம்மாவைப் பார்க்கவேயில்லை. கதவைப் பார்த்தார். அவள் போனாள்.

வீட்டில் பெட்டியைத் திறந்து சட்டைகளைத் திணித்தாள். ஆய்வுகூடத்திலிருந்து எடுத்துவந்த மண் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்தாள். ஊருக்குப் போகும் அட்டன் ரயில் எத்தனை மணிக்கு, சென்றியில் கேட்டால் என்ன சொல்வது, அப்பாவிடம் என்ன சொல்வது? முன்னறையில் அன்ரியின் அழுகை: "ஆறு குளிசை குடிச்சும் ஆறேல்லை! காலை எடுக்கச் சொல்லப்போறாங்கள்!"

கதவடியில் நாகேந்திரம் வந்து நின்றார். பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, உங்கட மண் தண்ணியில கிடக்கிற மருந்தை உண்மையா எடுக்குமோ?"

"எடுக்கும் அங்கிள்! சத்தியமா எடுக்கும்! அதைத்தான் ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான்!"

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப போறதுக்கு முதல் ஒரு பிடி எங்கட கிணத்துக்குள்ள போட்டுவிடுங்கோ பிள்ளை. மூண்டு கிழமையா நான் விழுங்காத குளிசையெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு."