இரண்டு வானொலியும் ஒரு தாலாட்டும்

பிள்ளைகளே, உங்கள் மாமா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற அந்தச் சீனக் கதையில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியை நான் சொல்லாவிட்டால் அப்பா ஒரு மடையன் என்றே நினைத்துவிடுவீர்கள். (கேட்ட பிறகும் அப்படித்தான் நினைத்தால் நான் ஒன்றும் செய்ய ஏலாது.)

சின்னவள் ஏணையில் கிடந்த காலம். உங்களை நித்திரையாக்க அம்மா தானே கட்டிய தாலாட்டைப் பாடி, வெளிநாட்டு வானொலி ஒன்றின் தமிழ் நிகழ்ச்சிக்கு அனுப்பியிருந்தா. அதை ஒலிபரப்பப் போவதாக அறிவித்தார்கள். சிற்றலையில், ஒரே ஒரு தரம்.

“அத்தான், என்ரை போனிலையே தெளிவாய்க் கேக்கலாமே?” என்றான் மாமா.

“போனிலை ஆரும் கேப்பினம். என்ரை மனுசியின்ரை குரல் வானத்தாலை வரவேணும்” என்றேன்.

சிற்றலையில் ஒரு குறை. குரல் நன்றாக வந்துகொண்டிருக்கும், திடீரென்று மங்கிவிடும். ஆனால் தள்ளித் தள்ளிக் கட்டிய இரண்டு ஏரியல் கம்பிகளில் அது ஒரே நேரத்தில் மங்காது. ஆகவே என் பழைய வால்வு வானொலிகள் இரண்டையும் எடுத்து, ஒன்றின் கம்பியைக் கிணற்றடிப் பனையிலும் மற்றதன் கம்பியை வளவின் மறு கோடியிலும் கட்டினேன். இரண்டையும் உள்ளே ஒரு வயரால் இணைத்தேன். எதில் சத்தம் பலமோ, அது மற்றதன் வாயை அடைத்துவிடும். முதல்நாள் சோதித்தபோது குரல் ஒரு சொட்டும் மங்கவில்லை. எங்கள் நாரந்தனையில் வேறு யார் இதைச் செய்தார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்!

ஒரேயொரு சின்ன விசயம். இரண்டாவது பெட்டியில் நிலையம் காட்டும் முள்ளை இழுக்கிற நூல் அறுந்திருந்தது. எங்கள் ஊரில் எது அறுந்தாலும் தூண்டில் நைலோன்தானே? அதையே கட்டினேன்.

ஒலிபரப்பு நாள் பின்னேரம் கூடம் நிறையச் சொந்தக்காரர். போன் கிட்ட இருந்தால் வானொலி இரையும் என்று மாமாவின் போனையும் நிறுத்த வைத்தேன். இரண்டு முள்ளையும் முதல்நாள் இடத்திலேயே நிறுத்தினேன். வால்வுச் சூட்டில் நைலோன் இளகியது எனக்கு எப்படித் தெரியும்? முள் காட்டியது ஓரிடம், பெட்டி பிடித்தது வேறு நிலையம்.

அம்மாவின் குரல் வந்தது. முதல் வரி, கணீரென்று. அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. அடுத்த கணம் குரல் மங்க, இரண்டாவது பெட்டி எழும்பியது. சீனத்தில் செய்தி! என் கெட்டிக்கார வயர் அம்மாவின் வாயை அடைத்தே விட்டது.

“அக்கா, எப்ப சீனம் படிச்சனீர்?” என்றான் மாமா.

“இஞ்சருங்கோ, ஒண்டை நிப்பாட்டுங்கோ!” என்று அம்மா கத்தினா.

எதை நிறுத்துவது? இரண்டு முள்ளும் சரியாகத்தானே நிற்கின்றன! யோசித்து, துணிந்து, முதலாவது பெட்டியை நிறுத்தினேன். அதன் பிறகு சீனம் மட்டும் மிகத் தெளிவாக, ஒரு சொட்டும் மங்காமல் வந்தது.

முதலாவதைத் திரும்பப் போட்டு வால்வு சூடேறுவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. அம்மா சிரித்துவிட்டா. “பாட்டுக்காரி இஞ்சைதானே நிக்கிறன்” என்று எழும்பி, சபை நடுவில் முழுத் தாலாட்டையும் பாடினா. சின்னவள் நித்திரையாகிவிட்டாள். எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இன்றைக்கும் அம்மா கதைக்கும்போது நான் குறுக்கே வாய் வைத்தால், மாமா விடமாட்டான். “அத்தான், சீனம் தொடங்கீட்டுது!”

மாமாவுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. எல்லோரும் போன பிறகு, கண்ணாடியில் அம்மா ஒட்டி வைத்திருந்த பொட்டு ஒன்றை உரித்தெடுத்தேன். முதலாவது வானொலியில் அம்மாவின் அந்த ஒரு வரி வந்த இடத்தில் முள் இன்னும் நின்றது. அதற்கு நேரே பொட்டை ஒட்டினேன்.